கோணக்கத்தரி யாருடையது?

ஜனவரி 9

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. உன் இருமல் போய்விட்டதா? உன் புது முகவரிக்கு நான் போடும் முதல் கடிதம் இது. மாறிப் போன இடத்தைப் பற்றி, "இங்கே வேலை வேறு மாதிரி" என்பதற்கு மேல் நீ ஒரு வரி எழுதவில்லை. துணி ஆலையின் கட்டிங் பிரிவை விட்டுவிட்டு அப்படி என்ன வேறு மாதிரி வேலை என்று அம்மா கேட்கிறாள். அம்மா கேட்டால் நானும் கேட்ட மாதிரிதான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் இதைப் பேசியிருக்கலாம். ஆனால் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் நம் பேச்சு வானொலி நாடகமாகிவிடுகிறது. தவிர, நாள் முழுக்கத் திரையில் பேசிப் பிழைக்கிறவளுக்குத் தாளில் ஒருத்தியிடம் மட்டும் பேசுவது முகம் கழுவிக்கொள்வது போல. 'கோணக்கத்தரி' சேனலில் நான் தையல் சொல்லிக்கொடுக்கும் குரலை நாலு லட்சம் பேர் கேட்கிறார்கள். கைகளைப் பார்க்கிறார்கள். முகத்தை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை, இனியும் பார்க்கப் போவதில்லை. என் கையெழுத்தைப் படிக்கிறவள் நீ ஒருத்திதான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு பார்வையாளர் ஒரு படம் அனுப்பினார். வணிகக்குறிப் பதிவு அலுவலகம் வெளியிடும் இதழில் ஒரு பக்கம். யாரோ ஒரு நிறுவனம் 'கோணக்கத்தரி' என்ற பெயரைத் தன் டிரேட்மார்க்காகப் பதிந்து தரச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறது. பக்கத்தில் 'கத்தரிக்கோல்கள், கைக்கருவிகள்' என்று போட்டிருக்கிறது. நம் வீட்டுக்குள் புழங்கிய பெயர், அக்கா! எவரோ என் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் எதிரே வந்து, மணி என்ன என்று என்னையே கேட்ட மாதிரி இருந்தது.

அன்றைக்கே ஒரு வக்கீலைப் பிடித்தேன். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் அம்மாள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லாமல் எதையும் தொடங்க மாட்டார். அதனால் அவருக்கு 'ஒரு நிமிஷம்' என்றே பெயர் வைத்துவிட்டேன்.

"ஒரு நிமிஷம். நீங்க இந்தப் பேரைப் பதிவே பண்ணலியா?"

"நாலு லட்சம் பேருக்குத் தெரிஞ்ச பேருங்க. யார் தொடப்போறாங்கன்னு விட்டுட்டேன்."

"தெரிஞ்சிருக்கறது வேற, பதிஞ்சிருக்கறது வேற. கதவைத் திறந்து போட்டுட்டு, தெருவுல எல்லாருக்கும் இது என் வீடுன்னு தெரியும்னு சொல்றீங்க."

திட்டிவிட்டுத் தைரியமும் சொன்னார். இதழில் வந்த பிறகு குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாமாம். பெயரை முதலில் பயன்படுத்தியவர் யார் என்பதற்குத்தான் எடை அதிகமாம். நமக்கு அதில் என்ன குறை? அந்தத் திருட்டுக் கூட்டம் பிறப்பதற்கு முன்பே நம் முதல் வீடியோ வந்துவிட்டது. பெயரை மீட்காமல் விடமாட்டேன். பெயர் போனால் சேனல் போனது போலத்தான். நேற்று வந்தவன் நாளை என்னைப் பார்த்து, 'என் பெயரை ஏன் வைத்திருக்கிறாய்' என்று கேட்பான்.

இருமலுக்கு மருந்து சாப்பிடு. குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. அம்மா சொல்லச் சொன்னது இது, நானும் சொல்கிறேன்.

உன் தங்கை


ஜனவரி 30

குட்டிக்கு,

இருமல் போய்விட்டது. அதற்குப் பதில் காது கொஞ்சம் மந்தம். இங்கே காலையிலிருந்து சாணைச் சக்கரம் சுற்றுகிறது. அம்மாவை மாடிப்படி ஏறி இறங்க விடாதே. வெந்நீர் ஒத்தடம் கொடு.

வேலை நன்றாக இருக்கிறது. சின்ன இடம். முதலாளியம்மாவும் எங்களோடு தரையில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார். நகத்துக்குள் கறுப்பு ஏறிவிட்டது, எந்த சோப்புக்கும் மசியவில்லை. மற்றதை நேரில் சொல்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆட்சேபம் கொடுக்கக் கடைசித் தேதி எது? கொடுத்தால் அவர்கள் விண்ணப்பம் உடனே நின்றுவிடுமா, விசாரிப்பார்களா? முதல் வீடியோக்களை வக்கீல் பார்த்தாரா? பார்த்து ஏதாவது கேட்டாரா?

அவர்கள் யார் என்று தெரியாமலே திருட்டுக் கூட்டம் என்று எழுதிவிட்டாய். கொஞ்சம் பொறு.

வேளைக்குச் சாப்பிடு. வீடியோ எடுக்கிற நாளில் நீ சாப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியும்.

அக்கா


பிப்ரவரி 8

அக்காவுக்கு,

ஒத்தடம் கொடுத்தாகிறது. கால் தேவலை. இப்போது அம்மாவின் தோள் தன் பங்குக்கு ஆரம்பித்திருக்கிறது. உன் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள். சாணைச் சக்கரம் சுற்றுகிற இடத்தில் உனக்கு என்ன வேலை? ஆலைக்கு ஊசி தீட்டித் தருகிறீர்களா?

நீ கேட்டதற்கெல்லாம் பதில். ஆட்சேபம் கொடுக்க மார்ச் நடுவரை நேரம் இருக்கிறது. கொடுத்துவிட்டால் அவர்கள் விண்ணப்பம் நிற்கும், இரு தரப்பையும் விசாரிப்பார்கள். 'ஒரு நிமிஷம்' முதல் வீடியோவிலிருந்து வரிசையாகப் பார்த்தார். உன்னைப் பற்றியும் பேச்சு வந்தது. பெயர் எப்படி வந்தது என்று கேட்டார். சொன்னேன்.

பள்ளிக்கூட நாளில் நீ ஜன்னல் திரையை எடுத்துப் பாவாடை தைக்கிறேன் என்று வெட்டினாயே, அந்தக் கதையை. நீ இடக்கைக்காரி. வீட்டில் இருந்தது எல்லா வீட்டிலும் இருக்கிற வலக்கைக் கத்தரி. இடக்கையில் பிடித்தால் அலகு கோட்டை மறைத்துக்கொள்ளும், துணி இரண்டு அலகுக்கும் நடுவே நழுவும், வெட்டு ஒரு பக்கமாகச் சாயும். அது அம்மாவுக்கு எங்கே தெரிந்தது? சாய்ந்துபோன திரையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது என்ன கையா, கோணக்கத்தரியா?" என்று கத்தினாள். அதிலிருந்து உனக்கு அதுதான் பெயர். விருந்தாளிகள் வந்தால், "எங்க கோணக்கத்தரி" என்றுதான் அறிமுகம். எழுதுகிற கையைப் பள்ளிக்கூடத்தில் மாற்றினார்கள். கத்தரி பிடிக்கிற கையை யாராலும் மாற்ற முடியவில்லை. இதைக் கேட்டு வக்கீல் சிரித்தார். பிறகு ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம். முதல்ல வர்ற வீடியோல எல்லாம் இடது கை வெட்டுது. அப்புறம் வலது கை வெட்டுது. இது யார் கை?"

"அது எங்க அக்கா கைங்க. அவ வெட்டுவா, நான் போனைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுவேன். அவ வேலைக்குன்னு வெளியூர் போனப்புறம் என் கை."

"அவங்க பேரு எங்கயாவது போட்டிருக்கீங்களா?"

"கைக்கு எதுக்குங்க பேரு?"

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். வக்கீல்கள் எதையாவது குறித்துக்கொண்டேதான் இருப்பார்கள். இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள்? முன்பு ஒரு பார்வையாளர், "அக்கா, நீங்க இடது கையா வலது கையா?" என்று கேட்டிருந்தார். "துணி எப்படிக் கேக்குதோ அப்படி" என்று பதில் போட்டேன். அந்தப் பதிலுக்கு விழுந்த இதயங்களை வைத்து ஒரு மாலையே கட்டலாம்.

சேனலை உருவாக்கி நடத்துவது நான்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு அதில் தயக்கம் இல்லை. கேட்டால் நீயும் அதைத்தான் சொல்வாய்.

காதைப் பார்த்துக்கொள். பதிலைச் சீக்கிரம் போடு. போன முறை மூன்று வாரம் காக்க வைத்தாய்.

உன் தங்கை


பிப்ரவரி 27

குட்டிக்கு,

சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

'கைக்கு எதுக்குங்க பேரு' என்று நீ கேட்டதைப் படித்துச் சிரித்தேன். பிறகு வேலை ஓடவில்லை. ஓர் அலகைத் தேவைக்கு அதிகமாகத் தேய்த்துக் கெடுத்துவிட்டேன். முதலாளியம்மா, "வீட்டுலேர்ந்து லெட்டர் வந்தா அன்னிக்கு உனக்கு லீவு" என்றார்.

ஆட்சேபம் கொடுப்பதற்கு முன்னால் அந்த விண்ணப்பக்காரர்களுக்கு ஒரு தடவை நேராக எழுதிக் கேட்டுப் பாரேன். அவர்களும் ஏதோ யோசித்துத்தான் இந்தப் பெயரை வைத்திருப்பார்கள். நீ பாடம் சொல்லித் தருகிறாய், அவர்கள் கத்தரி செய்கிறார்கள். இரண்டும் ஒரே தெருவில் இருந்தால் என்ன மோசம்?

என் யோசனை இவ்வளவுதான். உன் விருப்பம்.

அம்மாவின் தோளுக்குத் தலையணையை மாற்று. பழையது கல் மாதிரி ஆகியிருக்கும்.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

தலையணை மாற்றியாயிற்று. உன் வாய் முகூர்த்தம், தோள் வலி பாதி போய்விட்டது. உன் உடம்பு எப்படி என்று மட்டும் ஒரு வார்த்தைக்கு மேல் எழுத மாட்டேன் என்கிறாய்.

நேராக எழுதிக் கேட்கச் சொன்னாய். கோபித்துக்கொள்ளாதே, அக்கா, நீ ரொம்ப நல்லவள். உலகம் உன் மாதிரி இல்லை. விண்ணப்பத்தில் ஏஜெண்டின் முகவரிதான் இருக்கிறது. ஒளிந்துகொண்டு வருகிறவனிடம் போய், 'ஐயா, தயவுசெய்து என் பெயரைத் திருப்பிக் கொடுங்கள்' என்று கேட்பதா? நான் படித்த எந்தக் கதையிலும் அப்படிக் கேட்டவளுக்கு எதுவும் திரும்பக் கிடைத்ததில்லை.

நேற்று ஆட்சேபம் கொடுத்துவிட்டேன். 'இப்பெயரை உருவாக்கி, முதன்முதலில் பயன்படுத்தி, இன்றுவரை தனியாக நடத்தி வருபவள் நானே' என்று ஒரு வாக்கியம். கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டில் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். என் குரலுக்குக் கச்சிதமாக இருந்தது. அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"தனியாவா?" என்றாள்.

"சட்டத்துல அப்படித்தாம்மா எழுதணும்."

அம்மா மறுபடி பட்டாணியிடம் போய்விட்டாள். அவளுக்குச் சட்ட பாஷை பிடிபடாது.

உன் போன கடிதத்தில் 'அலகைத் தேய்த்துக் கெடுத்துவிட்டேன்' என்று ஒரு வரி இருக்கிறது. என்ன அலகு? கேட்டால் நேரில் என்பாய். நேரில் வரவும் மாட்டாய். உன் கடிதங்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. இப்படியே போனால் அடுத்தது வெறும் தபால் தலையாகத்தான் வரும்.

நலமாக இரு. நிஜமாகவே இரு.

உன் தங்கை


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

நீ பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனிலும் அம்மாவின் தோளைத் தவிர எதையும் பேசவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே இருவரும் சௌக்கியம். நான் சௌக்கியத்துக்கும் ஒரு படி மேலே இருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

எதிராளியின் கத்தரி கையில் கிடைத்துவிட்டது! ஏதோ ஒரு கருவிக் கண்காட்சியில் மாதிரிக்காக வைத்திருந்தார்களாம். 'ஒரு நிமிஷ'த்தின் உதவியாளர் வாங்கி வந்தார். பெட்டி இல்லை, விளக்கத்தாள் இல்லை, வெறும் கத்தரி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கனம் சரியாக இருக்கிறது. இரண்டு வளையமும் ஒரே அளவு. திருகாணிக்குப் பக்கத்தில் சின்னதாக நம் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் கோபம் என் கண்ணை மறைத்தது.

மேசையில் பருத்தித் துணியை விரித்து, சாக்பீஸால் நேர்க்கோடு போட்டு, கேமராவை ஓடவிட்டு வெட்டினேன். அக்கா, அது கத்தரியே இல்லை. அலகு கோட்டை மறைக்கிறது. துணியைக் கடிக்காமல் மடித்து விழுங்குகிறது. அழுத்தினால் வாய் விலகிக்கொள்கிறது. நான் எவ்வளவு நிதானமாக வெட்டியும் வெட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போனது. பெயருக்கு ஏற்ற மாதிரி கோணல்! ஒரே தடவையில் எடுத்த வீடியோ, வெட்டி ஒட்டவே தேவையில்லை. "பெயரைத் திருடலாம், வெட்டத் தெரிய வேண்டாமா?" என்று கடைசியில் ஒரு வரி பேசியிருக்கிறேன்.

வக்கீல், "ஒரு நிமிஷம், விசாரணைக்கு முன்னாடி எதையும் போடாதீங்க" என்கிறார். நான் இந்த மாதக் கடைசி வரை பார்ப்பேன். பிறகு போட்டுவிடுவேன். நாலு லட்சம் பேர் பார்த்த பிறகு அந்தக் கத்தரியை எந்தக் கடைக்காரர் வாங்கி வைப்பார் என்று பார்க்கிறேன்.

சந்தோஷப்படு. ஒரு வரியாவது எழுது.

உன் தங்கை


ஏப்ரல் 10

குட்டிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

அந்த வீடியோவைப் போடாதே. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கத்தரியை இடக்கையில் பிடி.

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

பிடித்தேன்.

என் இடக்கை எதற்கும் உதவாத கை. சீப்பைக்கூட அதில் எடுத்ததில்லை. ஆனாலும் கத்தரி துணியைக் கவ்விக்கொண்டு கோட்டின் மேலேயே போயிற்று. கோடு முழுக்கத் தெரிந்தது. அலகு விலகி வழி விட்டது. கேமரா ஓடவில்லை. ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு துணியின் கடைசி வரை வெட்டினேன். வெட்டி முடித்த பிறகும் கத்தரியைக் கீழே வைக்க மனமில்லை.

அலகுகளை மாற்றிப் பொருத்திய கத்தரி. இடக்கைக்கென்றே செய்தது. எந்த அலகு மேலே இருக்கிறது என்று முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறவள் நான். அதைப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கோணல் கத்தரியில் இல்லை, நான் பிடித்த கையில் இருந்தது.

சாணைச் சக்கரம். நகத்துக்குள் கறுப்பு. தேய்த்துக் கெடுத்த அலகு. எல்லாவற்றையும் நீ எழுதத்தான் எழுதியிருக்கிறாய். நான்தான் ஊசி தீட்டுகிறீர்களா என்று கேட்டிருக்கிறேன்.

விண்ணப்பம் உன் முதலாளியம்மாவுடையதா? பெயரைக் கொடுத்தது நீயா? மூன்று மாதமாக நான் உன்னைத் திருடி என்று உனக்கே எழுதிக்கொண்டிருந்தேனா? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அம்மா நலம். உன் நலத்தைக் கேட்க மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை.

தங்கை


ஏப்ரல் 28

குட்டிக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நலம். காது பழகிவிட்டது.

உன் முதல் மூன்று கேள்விக்கும் ஆமாம். நாலாவதுக்குத்தான் இந்தக் கடிதம்.

ஆலையில் எல்லாம் வலக்கைக்குச் செய்தவை. நான் என் கத்தரியின் அலகை நானே அரத்தால் தேய்த்து எனக்கு ஏற்றபடி ஆக்கி வைத்திருந்தேன். ஒரு நாள் அதைச் சாணை பிடிக்க இந்தப் பட்டறைக்குக் கொண்டு வந்தேன். முதலாளியம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதை யாரு இப்படிக் கெடுத்து வச்சது?"

"கெடுக்கலீங்க. எனக்குத் திருப்பிக்கிட்டேன்."

"திருப்பறதுன்னா முழுசாத் திருப்பணும். அரைகுறையாத் திருப்பினா ரெண்டு கைக்கும் ஆகாது. நாளைக்கு வர்றியா?"

மறுநாள் போனேன். பிறகு ஆலைக்குப் போகவே இல்லை. எத்தனையோ கத்தரிகளைக் கெடுத்தோம். கடைசியில் ஒன்று நேராக வெட்டியது. அன்றைக்கு நான் துணியை வெட்டிக்கொண்டே இருந்தேன். பட்டறையில் மேசை துடைக்கிற துணிகூட மிஞ்சவில்லை. என்ன பெயர் வைக்கலாம் என்று எல்லோரும் யோசித்தார்கள். "எங்க வீட்டுல என்னையே கோணக்கத்தரின்னுதான் கூப்பிடுவாங்க" என்றேன். முதலாளியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "நேரா வெட்டற கத்தரிக்கு அந்தப் பேரா? வை, ஒருத்தனும் மறக்க மாட்டான்" என்றார். தங்கச்சி சேனல் அந்தப் பெயரில்தான் நடக்கிறது என்று சொன்னேன். பதிவுக் கணக்கில் பாடம் வேறு இனம், கருவி வேறு இனம், தகராறு வராது என்று ஏஜெண்ட் சொன்னார். முதல் பெட்டி உனக்குத்தான் என்று வைத்திருந்தேன். நீ பிரித்துப் பார்த்துக் கத்துவாய், அம்மா ஓடி வருவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன். பெட்டி தயாராவதற்குள் உன் கடிதம் வந்துவிட்டது, திருட்டுக் கூட்டம் என்று.

அப்போதும் சொல்லியிருப்பேன். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது உன் இரண்டாவது கடிதம் வந்தது. கைக்கு எதற்குப் பெயர் என்று வக்கீலிடம் கேட்டாயாமே. சரி, நீயாகவே கண்டுபிடி என்று இருந்துவிட்டேன். 'தனியாக நடத்தி வருபவள்' என்றும் எழுதிக் கொடுத்த பிறகு உனக்கு எழுதப் பிடிக்கவே இல்லை. ஆனால் அந்த வீடியோ வெளியே போனால் இந்தப் பட்டறையே படுத்துவிடும். என் கோபத்துக்கு மற்றவர்கள் வேலையைப் பலி கொடுக்க முடியாது.

நீ என்னைக் கேட்காமல் என் பெயரைச் சேனலுக்கு வைத்தாய். நான் உன்னைக் கேட்காமல் கத்தரிக்கு வைத்தேன். கேட்டிருக்க வேண்டும், நானும்தான். ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன், குட்டி. அந்தப் பெயர் என்னுடையது. அது திட்டாக இருந்தபோது வாங்கிக்கொண்டவள் நான். விருந்தாளிகள் சிரித்தபோது அங்கே தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அதற்கு மதிப்பு வந்த பிறகு அதை நீ ஒருத்தியே உருவாக்கினாய் என்று ஓர் அரசாங்க அலுவலகத்தில் பதிய விடமாட்டேன்.

உன் வக்கீலிடம் இதைச் சொல். முதலாளியம்மாவும் பேசத் தயார்.

அம்மாவிடம் நான் கத்தரி செய்கிறேன் என்று நீயே சொல்லிவிடு. நீ சொன்னால் நன்றாக இருக்கும். உனக்குப் பேச வரும்.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

முதலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன தடவை விட்டதற்கும் சேர்த்துக் கேட்கிறேன். காது? கை? நகத்துக் கறுப்பு? இங்கே அம்மாவின் உறுப்புகள் எல்லாம் ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டன.

உன் கடிதத்தை வக்கீலிடம் காட்டினேன். "ஒரு நிமிஷம்" என்றார். பிறகு உண்மையிலேயே சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா பேரு யாருக்கும் உருப்படியா நிக்காது. நடுவுல மூணாவது ஆள் ஒருத்தர் எடுத்துட்டுப் போவார். சேர்ந்து நின்னா எவனும் தொட முடியாது. முதல்ல இடது கை, அப்புறம் வலது கை. இதைவிட நல்ல சாட்சி எனக்கு இதுவரைக்கும் வந்ததில்லை."

ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். உன் முதலாளியம்மாவும் 'ஒரு நிமிஷ'மும் போனில் பேசி முடித்துவிட்டார்கள். போனை வைத்ததும், "அந்தம்மா வக்கீலாகியிருந்தா நான் மருந்துக்கடைதான் வச்சிருக்கணும்" என்றார். ஏற்பாடு இதுதான்: அவர்கள் தங்கள் விண்ணப்பத்தை விட்டுவிடுகிறார்கள். பெயருக்கு நீயும் நானும் சேர்ந்து சொந்தக்காரர்களாகப் புதிதாக விண்ணப்பிக்கிறோம், பாடத்துக்கும் கருவிக்கும் சேர்த்து. கத்தரியில் அந்தப் பெயரைப் பொறிக்கப் பட்டறைக்கு நாம் இருவரும் எழுத்தில் அனுமதி தருகிறோம். நம் இருவரில் ஒருத்தி மட்டும் அதை விற்கவோ கொடுக்கவோ முடியாது. அந்த வரியைப் போடச் சொன்னது நான்.

'தனியாக' என்ற வார்த்தை போய்விட்டது. புது வாக்குமூலத்தில் இப்படி இருக்கிறது: 'இப்பெயர் என் அக்காவுடையது. அதைச் சேனலுக்கு வைத்தவள் நான். தொடக்க கால வீடியோக்களில் வெட்டும் கைகள் அவளுடையவை.' இதையும் சத்தமாகப் படித்தேன். இந்தத் தடவை அம்மா பட்டாணியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அவ கத்தரி செய்யறாளா? அவளேவா?"

"ஆமாம்மா. நேரா வெட்டற கத்தரி."

"அந்தப் பேரை வச்சதே நான்தானே? என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலியே?"

இதை 'ஒரு நிமிஷ'த்திடம் சொன்னேன். மூன்றாவது கட்சிக்காரரைத் தன்னால் சமாளிக்க முடியாது, வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா அந்தக் கத்தரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். "அன்னிக்கு இது இருந்திருந்தா திரை பொழைச்சிருக்கும்" என்றாள். அம்மாவிடமிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்காதே. இதுவே அதிகம்.

பழைய வீடியோவை அழித்துவிட்டேன். புதிதாக ஒன்று எடுத்தேன். முதலில் வலக்கையில் பிடித்து அதே மாதிரி கோணலாக வெட்டினேன். "இது கத்தரியின் தப்பு என்று நான் ஒரு வீடியோ எடுத்து வைத்திருந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கையை மாற்றினேன். பிறகு உன் கைகள் வருகிற முதல் வீடியோவிலிருந்து ஒரு துண்டு. யார் கைகள் என்று சொன்னேன். பெயர் எங்கிருந்து வந்தது என்றும் சொன்னேன், திரையைப் பற்றி மட்டும் விட்டுவிட்டேன். அது நம் வீட்டுக்குள் இருக்கட்டும். கீழே குவிந்திருப்பதில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். ஒரு தையல்காரர்: 'இத்தனை வருஷமா என் கைதான் சரியில்லைன்னு நினைச்சுட்டிருந்தேன்.' அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இடது கையா வலது கையா என்று எப்போதோ கேட்டவருக்கும் சரியான பதில் போட்டுவிட்டேன். இடது, என் அக்கா. வலது, நான்.

இத்துடன் விண்ணப்பம் இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். எனக்குக் கீழே அல்ல, பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறது. 'பதிய வேண்டிய பெயர்' என்னும் கட்டத்தை நான் நிரப்பவில்லை. அதை உன் கையால் நீ எழுது.

லீவு எடுத்துக்கொண்டு வா. உன் கைகளைக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்துப் பேச ஆசையாக இருக்கிறது. முதலில் நீ சம்மதம் சொல்ல வேண்டும். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

உன் தங்கை


ஜூன் 2

குட்டிக்கு,

காது நலம், கை நலம், நகம் கறுப்பு. நீயும் அம்மாவும் இப்படியே சமாதானமாக இருங்கள்.

வீடியோவைப் பட்டறையில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். சாணைச் சக்கரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். முதலாளியம்மா, "உன் தங்கச்சி வாயால வெட்டறா, நீ கையால வெட்டற" என்றார். கண்காட்சியில் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு கடைக்காரர் நேற்று ஆள் அனுப்பியிருந்தார். நீ இடக்கையால் வெட்டியது பார்க்கச் சகிக்கவில்லை. கட்டைவிரலை இவ்வளவு உள்ளே விடாதே. வரும்போது சொல்லித் தருகிறேன். மாதக் கடைசியில் வருகிறேன். கைகளை எடுத்துக்கொள்ளலாம், சம்மதம்.

அம்மா பெயரில் பங்கு கேட்கிறாளே, அவளுக்கென்று ஒரு ஜன்னல் திரைத் துணி வாங்கி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை வெட்ட மாட்டேன் என்று சொல்லி வை.

இரண்டு பிரதியையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்ட கையால்தான் இவ்வளவு நாளும் உனக்குக் கடிதம் எழுதினேன். விண்ணப்பத்தில் பெயரையும் கையெழுத்தையும் மட்டும் என் சொந்தக் கையால் போட்டேன். இத்தனை வருஷம் கழித்துப் பேனா பிடித்ததில் எழுத்து சரிந்து கிடக்கிறது. ஒரு பிரதியில் இருப்பது மாதிரி இன்னொன்றில் இல்லை. அடித்துத் திருத்தச் சொன்னால் திருத்த மாட்டேன்.

ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால், எந்தப் பெயருக்கு விண்ணப்பம் என்று மேலே ஒருமுறை படிக்கச் சொல்.

அக்கா